தன் வேலையைத் தானே செய்ய: பெங்களூரில் முதியவர்களுக்கான இயக்க வழிகாட்டி

அறுபதைத் தாண்டிய ஒருவர் “முன்ன மாதிரி முடியல” என்றால், வீட்டில் பேச்சு உடனே மாத்திரைக்குப் போய்விடும். எது முடியவில்லை என்று கேட்பவர்கள் குறைவு. தாழ்வான சோபாவிலிருந்து எழுவதா, மாடிப்படி இறங்குவதா, குனிந்து கால் கழுவுவதா, புடவைக் கொசுவம் சொருகுவதா? பதில் எதுவோ, அதிலிருந்துதான் சிகிச்சை தொடங்க வேண்டும். வீட்டில் முதலில் என்ன செய்வது, பெங்களூரில் எங்கே போவது, போய்வந்த பின் எப்படித் தொடர்வது என்ற வரிசையில் இந்த அத்தியாயம் போகிறது. உங்களுக்காகவும் படிக்கலாம், ஊரிலிருந்து வந்து உங்களோடு தங்கியிருக்கும் அம்மா அப்பாவுக்காகவும் படிக்கலாம்.

யார் எதற்கு?

இயன்முறை சிகிச்சை எனப்படும் பிசியோதெரபி, தசையின் வலு, மூட்டின் அசைவு, சமநிலை, நடை ஆகியவற்றைச் சீர்செய்கிறது. செயல்முறை சிகிச்சை எனப்படும் ஆக்குபேஷனல் தெரபி, அந்த வலுவைக் கொண்டு குளிக்கவும் உடுத்தவும் சமைக்கவும் பழக்குகிறது. பழக்கியும் முடியாத இடத்தில் வீட்டையோ கருவியையோ மாற்றித் தருகிறது. முழங்கால் மடங்கவில்லை என்றால் முதலாமவரிடம் போங்கள். கால் மடங்குகிறது, ஆனாலும் கழிவறையில் எழ முடியவில்லை என்றால் இரண்டாமவரையும் பாருங்கள். பிசியோதெரபி பலகை தெருவுக்குத் தெரு இருக்கிறது. ஆக்குபேஷனல் தெரபி அப்படிக் கண்ணில் படாது. கேட்டு வாங்க வேண்டும்.

படி 1: விட்டுப்போன வேலைகளை எழுதுங்கள்

1. ஒரு தாளில் காலை எழுவது முதல் இரவு படுப்பது வரை செய்யும் வேலைகளை வரிசையாக எழுதுங்கள்.
2. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘தானே’, ‘பிடித்துக்கொண்டு’, ‘பிறர் உதவியோடு’, ‘விட்டாயிற்று’ என்று குறியுங்கள்.
3. கடந்த ஓராண்டில் விழுந்ததுண்டா, எங்கே, எந்த நேரத்தில் என்று எழுதுங்கள். அடிபடாத விழுகையும் கணக்கில் சேரும்.
4. பட்டியலில் மிக முக்கியமான ஒரு வேலையை மட்டும் தேர்ந்து இலக்காக வையுங்கள். ‘வலு கூட வேண்டும்’ என்பது இலக்கு ஆகாது. ‘இரண்டாம் மாடியிலிருந்து இறங்கி அலசூர் மார்க்கெட்டுக்குப் போய்வர வேண்டும்’ என்பது இலக்கு.

குறிப்பு: பட்டியலை முதியவரே சொல்லட்டும். பிள்ளைகள் சொல்லும் இலக்கும் அவர் விரும்பும் இலக்கும் பல வீடுகளில் ஒத்துப்போவதில்லை. அவர் விரும்பாத இலக்குக்கான பயிற்சி இரண்டாம் வாரத்தில் நின்றுவிடும்.

படி 2: வீட்டிலேயே மூன்று அளவுகள்

பக்கத்தில் ஒருவர் நிற்காமல் இவற்றைச் செய்ய வேண்டாம். கைபேசியில் நொடி எண்ணினால் போதும்.

1. எழுந்து உட்காருதல்: 17 அங்குல உயரமுள்ள, கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதில் ஆண்கள் 12, பெண்கள் 11. 70 முதல் 74 வயதில் ஆண்கள் 12, பெண்கள் 10. 75 முதல் 79 வயதில் ஆண்கள் 11, பெண்கள் 10. இதற்குக் குறைந்தால் கால் வலு போதாது, விழும் வாய்ப்பு கூடுதல்.
2. எழுந்து நடத்தல்: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காருங்கள். வழக்கமான வேகம் போதும். 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் சிகிச்சையாளரைப் பார்க்க வேண்டும்.
3. அடிமேல் அடி வைத்து நிற்றல்: ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் விரலைத் தொடும்படி நில்லுங்கள். 10 நொடி நிற்க முடியாவிட்டால் சமநிலைப் பயிற்சி தேவை.

தேதி போட்டு மூன்றையும் எழுதி வையுங்கள். பிற்பாடு முன்னேற்றத்தை இதை வைத்துத்தான் அளக்கப்போகிறீர்கள்.

பயிற்சியை விட்டுவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டியவை

- முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை தளர்ந்து தொங்குதல், பேச்சு குழறுதல்: பக்கவாதமாக இருக்கலாம். 108-ஐ அழையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ‘தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்’ என்று காத்திருக்காதீர்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள்.
- மார்பில் அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல்.
- ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி வலித்தல். குறிப்பாக அறுவை சிகிச்சைக்குப் பிறகு.
- முதுகுவலியோடு சிறுநீர், மலம் அடக்க முடியாமை அல்லது தொடையிடுக்குப் பகுதி மரத்துப்போதல்.
- விழுந்த பிறகு அந்தக் காலில் எடை தாங்க முடியாமை. இடுப்பு எலும்பு முறிந்தவரும் சில நேரம் வலியைக் குறைத்துச் சொல்வார்.

படி 3: பெங்களூரில் எங்கே போவது?

நோய்க்கேற்ற இடத்தைத் தேர்ந்தால் அலைச்சல் பாதி குறையும்.

பக்கவாதம், பார்க்கின்சன், தண்டுவடப் பாதிப்பு: ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ். 1974-இல் இன்றைய வடிவம் பெற்ற இந்த மத்திய நிறுவனத்தில் நரம்பியல் மறுவாழ்வுக்குத் தனித்துறை உண்டு.

எலும்பு முறிவு, மூட்டுப் பிரச்சினை: ஜயநகரை ஒட்டிய பைரசந்திராவில் உள்ள சஞ்சய் காந்தி விபத்து மற்றும் எலும்பியல் நிறுவனம். கோரமங்கலா பக்கம் இருப்பவர்களுக்கு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இங்கே மறுவாழ்வு மருத்துவத்துக்கென்று துறை இருக்கிறது.

செயற்கைக் கால், தாங்கு பட்டை, சக்கர நாற்காலி: ஜே.பி. நகரில் 1994 முதல் இயங்கும் மொபிலிட்டி இந்தியா. லிங்கராஜபுரத்தில், 1959-இல் என்.எஸ். ஹேமா தொடங்கிய மாற்றுத்திறனாளிகள் சங்கமான ஏ.பி.டி. உள்ளது. லிங்கராஜபுரம், காக்ஸ் டவுன், ஃப்ரேஸர் டவுன் பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்கு இது கைக்கெட்டும் தூரம்.

எல்லை தாண்டி: காட்பாடி வரை ரயிலில் போய்விட்டால் வேலூர் சி.எம்.சி. இருக்கிறது. 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் இருந்தபடி அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியில், அங்கே மறுவாழ்வு மையம் 1966-இல் திறக்கப்பட்டது. பெற்றோர் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இருந்தால் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைக் கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் அடங்கும்.

முதல் நாள் எடுத்துப்போக வேண்டியவை:

1. படி 1, படி 2-இல் எழுதிய தாள்கள்.
2. எக்ஸ்ரே, ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி.
3. சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், அட்டையோடு. தூக்க மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் தலைசுற்றலுக்குக் காரணமாகலாம்.
4. வீட்டின் படம்: மாடிப்படி, குளியலறை, கட்டில், சமையலறை.

கேட்க வேண்டிய கேள்விகள்:

1. நீங்கள் பி.பி.டி. அல்லது பி.ஓ.டி. படித்தவரா? 2021-இல் வந்த தேசியச் சட்டம் இவ்விரு தொழில்களையும் முறைப்படுத்துகிறது. பட்டத்தைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.
2. என் இலக்கு வேலைக்கு எத்தனை அமர்வு ஆகும்? ஓர் அமர்வுக்கு எவ்வளவு?
3. வீட்டில் செய்ய வேண்டியதை எழுதித் தருவீர்களா?

எச்சரிக்கை: ஒவ்வொரு நாளும் ஒத்தட இயந்திரம், மின் தூண்டல் இயந்திரம் என்று படுக்கவைத்தே அனுப்பி, ஒரு பயிற்சியும் கற்றுத்தராத இடத்தில் தொடராதீர்கள். இயந்திரம் வலியைச் சற்றுக் குறைக்கலாம், பயிற்சிக்கு ஈடாகாது.

குறிப்பு: கன்னடத்தில் மட்டும் பேசும் ஊழியரிடம் இந்தச் சொற்கள் உதவும். வலிக்கு ‘நோவு’, தலைசுற்றலுக்கு ‘தலெ சுத்து’, முழங்காலுக்கு ‘மொணகாலு’, முதுகுக்கு ‘பென்னு’, மரத்துப்போவதற்கு ‘ஜோமு’.

படி 4: வீட்டுப் பயிற்சி ஐந்து

சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துச் செய்யுங்கள். வெறும் காலோடோ, பின்பட்டை உள்ள செருப்போடோ செய்யலாம். சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு டைல்ஸ் தரையில் வேண்டாம். சமையல் மேடை நல்ல பிடிமானம். பிளாஸ்டிக் நாற்காலி பிடிமானம் ஆகாது.

1. எழுந்து உட்காருதல்: 8 முதல் 10 முறை, இரண்டு சுற்று. முதலில் பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து, மூக்கு முழங்காலைத் தாண்டும் அளவுக்கு முன்சாய்ந்து எழுங்கள். உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். முடியாதவர் நாற்காலியில் உறுதியான தலையணை போட்டு உயர்த்தித் தொடங்கலாம்.
2. குதிகால் தூக்குதல்: மேடையைப் பிடித்துக்கொண்டு 10 முறை. படியேறும்போது உந்தித் தள்ள உதவும் கெண்டைக்கால் தசைக்கு இது.
3. பக்கவாட்டில் கால் தூக்குதல்: ஒவ்வொரு காலுக்கும் 8 முதல் 10 முறை. உடம்பு மறுபக்கம் சாயக்கூடாது. சாய்ந்தால் உயரத்தைக் குறையுங்கள்.
4. அடிமேல் அடி நிற்றல்: மேடை ஓரத்தில் ஒவ்வொரு பக்கமும் 10 முதல் 30 நொடி. முதலில் இரு கை, பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல் என்று பிடியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.
5. படி ஏறி இறங்குதல்: கைப்பிடி உள்ள கீழ்ப்படி ஒன்றில் மட்டும், ஒவ்வொரு காலுக்கும் 8 முறை.

எவ்வளவு செய்யலாம்?

- பயிற்சியின்போது பேச முடிய வேண்டும். வார்த்தை திக்கினால் வேகம் அதிகம்.
- வலியைப் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பிடுங்கள். மூன்று வரை சரி. மறுநாள் காலையிலும் கூடுதலாக வலித்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். அடியோடு நிறுத்த வேண்டாம்.
- மூச்சை அடக்காதீர்கள், இரத்த அழுத்தம் ஏறும். எண்களை வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக ஓடும்.
- வாரத்துக்கு மூன்று நாள் வலுவும் சமநிலையும். மற்ற நாட்களில் நடை மட்டும்.

வழக்கமான தவறுகள்: முதல் நாள் உற்சாகத்தில் ஐம்பது முறை செய்து, மறு வாரம் முழுக்கப் படுத்துக்கொள்வது, வலி போனதும் பயிற்சியை நிறுத்துவது, புதிதாக அறுவை சிகிச்சை ஆனவர் காணொளி பார்த்துச் செய்வது. இடுப்பு, முழங்கால் மாற்று செய்துகொண்டவர் தன் அறுவை மருத்துவர் சொன்ன தடைகளையே முதலில் பின்பற்ற வேண்டும்.

படி 5: கைத்தடியும் மாடிப்படியும்

பெங்களூரில் முப்பதுக்கு நாற்பது அடி மனையில் மேலே மேலே எழும்பிய வாடகை வீடுகளில் மாடிப்படி குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். அங்கே முறையாக ஏறத் தெரிந்திருக்க வேண்டும்.

1. செருப்புப் போட்டு நிமிர்ந்து நில்லுங்கள். கை தொங்கும்போது மணிக்கட்டு மடிப்பு வரும் உயரமே தடியின் உயரம்.
2. வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் தடியைப் பிடியுங்கள். வலது முழங்கால் வலித்தால் தடி இடது கையில். பலர் மாற்றிப் பிடிக்கிறார்கள்.
3. தடியும் வலிக்கும் காலும் சேர்ந்து முன்னே போகட்டும், பிறகு நல்ல கால்.
4. படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் வலிக்கும் காலும் முதலில்.
5. ஒரு கை எப்போதும் கைப்பிடியில். துணைக்கு வருபவர் ஏறும்போது ஒரு படி பின்னே, இறங்கும்போது ஒரு படி முன்னே இருக்க வேண்டும்.

தடியின் அடியில் உள்ள ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள்.

படி 6: வீட்டை வேலைக்கு ஏற்ப மாற்றுங்கள்

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தால் பார்க்கும் இடங்கள் இவை. அவர் வருவதற்கு முன்பே நீங்கள் தொடங்கலாம்.

குளியலறை

1. கழிப்பிடத்தின் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள். சுவர் செங்கல்லா, ஹாலோ பிளாக்கா என்று பார்த்து அதற்கேற்ற போல்ட் போடச் சொல்லுங்கள். துண்டு தொங்கவிடும் கம்பி ஆள் எடையைத் தாங்காது. உறிஞ்சி ஒட்டும் கைப்பிடியையும் நம்பாதீர்கள்.
2. ரப்பர் காலுள்ள உறுதியான ஸ்டூலில் உட்கார்ந்து குளியுங்கள்.
3. வெஸ்டர்ன் கழிப்பிடம் தாழ்வாக இருந்தால் இருக்கை உயர்த்தி வாங்குங்கள். இந்தியன் கழிப்பிடத்துக்கு மேலே வைக்கும் கமோட் நாற்காலி கிடைக்கிறது.
4. உள்தாழ்ப்பாள் போடாமல் பழகுங்கள். உள்ளே விழுந்தவரை எட்ட முடியாமல் போவது நேரத்தைத் தின்னும்.

சமையலறையும் யுடிலிட்டியும்

1. அன்றாடம் எடுக்கும் டப்பாக்களை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டூல் மேல் ஏறுவதை அடியோடு விடுங்கள்.
2. காய் நறுக்குவதை மேசையில் உட்கார்ந்து செய்யுங்கள்.
3. 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்க்காதீர்கள். கேன் மூடியில் பொருத்தும் சிறு பம்பு போதும்.
4. பாத்திரம் துலக்கி, வாஷிங் மெஷின் ஓடும் யுடிலிட்டி எப்போதும் ஈரமாக இருக்கும். அங்கே அடியில் வழுக்காத விரிப்பு போடுங்கள். ஹாலில் கிடக்கும் சுருளும் துணிமிதியடிகளை எடுத்துவிடுங்கள்.

படுக்கையும் உடையும்

1. கட்டிலில் உட்கார்ந்தால் பாதம் தரையில் பதிய வேண்டும். முழங்கால் இடுப்பைவிட உயரக்கூடாது.
2. இரவில் எழுந்ததும் ஒரு நிமிடம் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை ஆட்டிவிட்டு நில்லுங்கள். கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு எரியட்டும்.
3. பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போடும்போது செயலிழந்த கையை முதலில் நுழைத்துவிடுங்கள். கழற்றும்போது கடைசியில் எடுங்கள்.
4. எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு நழுவும். இடுப்பில் பட்டையைக் கட்டிப் பிடியுங்கள்.

குறிப்பு: முதியவர் மெதுவாகச் சட்டைப் பொத்தான் போடும்போது பிள்ளைகள் பொறுமையிழந்து போட்டுவிடுகிறார்கள். அந்தப் பொத்தானே அன்றைய கைப்பயிற்சி. கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்பத் தொடங்குங்கள், அவரே போடட்டும்.

விழுந்துவிட்டால் எழும் முறை

1. உடனே எழாதீர்கள். கை, கால், கழுத்தை அசைத்துப் பாருங்கள். கடும் வலி இருந்தால் அப்படியே இருந்து உதவிக்கு அழையுங்கள்.
2. பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றி, பிறகு இரு கைகளையும் இரு முழங்கால்களையும் தரையில் ஊன்றுங்கள்.
3. கட்டில் அல்லது நாற்காலியை நோக்கித் தவழுங்கள். இரு கையையும் அதன்மேல் வையுங்கள்.
4. வலுவான காலின் பாதத்தை முன்னே ஊன்றி, கையால் அழுத்தி எழுந்து, திரும்பி உட்காருங்கள்.
5. அன்றைக்கே வீட்டாரிடம் சொல்லுங்கள். மறைத்த விழுகைதான் அடுத்த விழுகைக்கு வழி.

உடல்நலத்தோடு இருக்கும்போதே சிகிச்சையாளர் முன்னிலையில் இதை ஒருமுறை ஒத்திகை பாருங்கள். கைபேசியைச் சட்டைப் பையிலோ கழுத்துப் பையிலோ வைத்திருங்கள்.

படி 7: வெளியே போதல்

உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான இயக்கத்தைப் பரிந்துரைக்கிறது. ஐந்து நாள் அரை மணி நேரம் நடந்தால் கணக்கு சரி. பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தும் நடக்கலாம்.

1. சாக்கடை மேல் கல்பலகை பாவிய நடைபாதை பயிற்சிக்கு ஆகாது. பலகை ஆடும், இடையில் பள்ளம் இருக்கும். கப்பன் பூங்கா, லால்பாக், பக்கத்துப் பேட்டைப் பூங்கா என்று சமதளப் பாதையைத் தேர்ந்தெடுங்கள்.
2. டிசம்பர், ஜனவரிக் காலைக் குளிரில் மூட்டு இறுகும். வீட்டுக்குள் ஐந்து நிமிடம் நடந்து சூடேற்றிய பிறகு வெயில் வந்ததும் கிளம்புங்கள்.
3. பூங்காவில் உள்ள இடுப்பு சுழற்றும் கருவியை, முதுகுவலியோ எலும்பு மெலிவோ இருப்பவர் தொட வேண்டாம்.
4. மெட்ரோவில் எஸ்கலேட்டரை விட்டு லிஃப்டில் போங்கள். பஸ்ஸில் வண்டி முழுதாக நின்ற பிறகே எழுங்கள்.

பணமும் உதவியும்

மருத்துவக் காப்பீடு பல பாலிசிகளில் வெளிநோயாளி பிசியோதெரபிக்குப் பணம் தராது. ஆனால் மருத்துவமனையிலிருந்து வந்த பின் ஆகும் செலவு என்ற பிரிவில் 60 அல்லது 90 நாள் வரை கோர வழி இருக்கலாம். மருத்துவரின் எழுத்துச் சீட்டும் ரசீதும் வைத்திருங்கள். குறைந்த வருமானமுள்ள, 60 வயது கடந்தவர்களுக்குக் கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி தரும் மத்திய அரசின் ராஷ்டிரிய வயோஸ்ரீ யோஜனா 2017 முதல் நடக்கிறது. நிரந்தர ஊனம் உள்ளவர் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யு.டி.ஐ.டி.-க்கு விண்ணப்பிக்க வேண்டும். எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567.

பன்னிரண்டு வாரத் திட்டம்

- வாரம் 1, 2: பட்டியல், அளவு, மருத்துவர் சந்திப்பு, குளியலறைக் கைப்பிடி. பயிற்சி ஒரு சுற்று மட்டும்.
- வாரம் 3 முதல் 6: இரண்டு சுற்று. நாளுக்குப் பத்து நிமிட நடை, வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள்.
- வாரம் 7 முதல் 10: இலக்கு வேலையைத் துண்டுகளாக்கிப் பழகுங்கள். மார்க்கெட் போவது இலக்கென்றால் முதலில் மாடிப்படி, அடுத்து தெருமுனை, பிறகு கையில் ஒரு கிலோ பையோடு திரும்புதல்.
- வாரம் 11, 12: மூன்று அளவுகளையும் மறுபடி எடுங்கள். முன்னேறியிருந்தால் அடுத்த வேலையைத் தேர்ந்தெடுங்கள். முன்னேறவில்லை என்றால் தாளோடு சிகிச்சையாளரிடம் போய்த் திட்டத்தை மாற்றச் சொல்லுங்கள்.

தசை எந்த வயதிலும் பயிற்சியால் வலுவடையும், எண்பதைத் தாண்டியவருக்கும் இது பொருந்தும். பயிற்சியை விட்டால் சில வாரங்களிலேயே வலு குறையத் தொடங்கும் என்பதும் அதே அளவு உண்மை. எனவே பன்னிரண்டாம் வாரத்தோடு கணக்கை முடிக்காதீர்கள். இன்றே ஒரு தாளை எடுத்து முதல் பட்டியலை எழுதுங்கள், நாளை நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள்.